ஊருக்குப் பயன்படும் இளைஞர் செயற்திட்டம்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் இளைஞர் கழகங்களும் தலைமைத்துவச் செயற்திட்டம் ஒன்றைத் தொடங்கும்போது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகள் இங்கே உள்ளன. விளக்கத்துக்காகப் பல இடங்களில் ஒரே உதாரணம் வரும்: ஊர்ப் பொதுக்கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, சுற்றி மேடை கட்டுவது. உங்கள் திட்டம் வேறாக இருக்கலாம். கணக்குப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

சிரமதானம்தானே இது? இதுக்கு ஏன் தலைமைத்துவம் எண்டு பேர்?

சிரமதானம் ஒரு நாள் வேலை. காலையில் கூடி, பற்றை வெட்டி, மத்தியானம் சாப்பிட்டுக் கலைந்து விடலாம். அடுத்த மாரிக்குப் பற்றை திரும்ப வளரும், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். செயற்திட்டத்தில் ஒரு குறை கண்டுபிடிக்கப்படுகிறது, அது யாருடைய குறை என்று உறுதிப்படுத்தப்படுகிறது, அதைத் தீர்த்த பிறகு பராமரிக்க ஒருவர் பொறுப்பேற்கிறார். இந்த மூன்றையும் இளைஞர்களே செய்வதால்தான் தலைமைத்துவம் என்கிறோம்.

ஆகவே, திட்டத்தை எழுதத் தொடங்கும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: வேலை முடிந்த பிறகு திறப்பு யாருடைய கையில் இருக்கும்? நூலக அறையின் திறப்பு, பம்ப் அறையின் திறப்பு, விளையாட்டுச் சாமான் பெட்டியின் திறப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். பூட்டே இல்லாத திட்டத்திலும் அப்படி ஓர் ஆள் தேவை. அந்த ஆளின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் திட்டம் இன்னும் தயாராகவில்லை.

எத்தனை பேர் வேணும்? எங்களிட்டை 40 பேர் பேர் குடுத்திருக்கினம்.

தீர்மானம் எடுக்க 7 முதல் 9 பேர் போதும். மற்றவர்களை வேலை நாளுக்குக் கூப்பிடலாம். 40 பேரும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தால் நான்கு பேர்தான் பேசுவார்கள், மிச்சப் பேர் மூன்றாம் கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

தலைவர், செயலாளர், பொருளாளர் தவிர இரண்டு பொறுப்புகளைக் கட்டாயம் கொடுங்கள். ஒருவர் சாமான்களைப் பதிந்து வைப்பவர்: இரவல் வாங்கிய மண்வெட்டி, அலவாங்கு, வாளி எல்லாம் யாருடையவை, எப்போது திரும்பப் போயின என்று எழுதுவார். ஊருடன் மனக்கசப்பு தொடங்குவது பெரும்பாலும் திரும்பி வராத ஒரு மண்வெட்டியில்தான். மற்றவர் பாதுகாப்புப் பொறுப்பாளர். அவர் நிறுத்தச் சொன்னால் தலைவரும் நிறுத்த வேண்டும்.

என்ன திட்டம் செய்யிறதெண்டு எப்படி முடிவெடுக்கிறது?

உங்களுக்குள் வாக்கெடுத்து முடிவெடுக்காதீர்கள். வாக்கெடுத்தால் மைதானமும் கரப்பந்தாட்ட வலையும்தான் வெல்லும். வீடு வீடாகப் போங்கள். கிராம அலுவலர் பிரிவில் 300 குடும்பம் இருந்தால் 40 வீடு போதும், ஆனால் ஒவ்வொரு ஒழுங்கையிலும் சில வீடுகள் வர வேண்டும். பிரதான வீதியோரத்து வீடுகளை மட்டும் கேட்டால் வீதி விளக்கு வேண்டும் என்பார்கள். குளத்துக்குப் பின்பக்கம் இருப்பவர்களின் கதை வேறாக இருக்கும்.

மூன்று கேள்விகள் கேளுங்கள். நேற்று எந்த வேலைக்கு அதிக நேரம் போனது? போன வருடம் எந்த மாதம் மிகவும் கஷ்டப்பட்டீர்கள், ஏன்? இதைச் சரிசெய்ய முன்பு யாராவது முயன்றார்களா, என்ன நடந்தது? ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ பேர் படிவத்தோடு வந்து அதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எதைத் தருவீர்கள் என்று பார்த்துத்தான் சனம் பதில் சொல்லும். மூன்றாவது கேள்வியைத் தவற விடாதீர்கள். வேலை செய்யாமல் கிடக்கும் குழாய்க்கிணறும் கதவில்லாத கட்டடமும் அந்தப் பதிலில்தான் வெளியே வரும்.

பகலில் போனால் வயதானவர்களைத்தான் சந்திப்பீர்கள். தோட்டத்துக்கும் கடலுக்கும் கூலிக்கும் போனவர்களைக் காண மாலை 5 மணிக்குப் பிறகு ஒரு சுற்று போங்கள்.

ஆரிட்டை அனுமதி எடுக்கவேணும்? ஜிஎஸ் ஓம் எண்டிட்டார், காணாதா?

ஜிஎஸ், அதாவது கிராம அலுவலரிடம் சொல்வது முதற்படி மட்டுமே. அனுமதி தருபவர் நிலத்தைப் பொறுத்து மாறுவார். ஊர் ஒழுங்கை, பொதுச் சந்தை, பொதுக்கிணறு என்றால் பெரும்பாலும் பிரதேச சபை. ஏ9, பரந்தன் முல்லைத்தீவு ஏ35, மாங்குளம் முல்லைத்தீவு ஏ34 போன்ற வீதிகளின் ஓரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. பாடசாலை வளவு என்றால் அதிபரும் வலயக் கல்வி அலுவலகமும்.

குளத்தில் இரண்டு வகை உண்டு. 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்குக் குறைவான வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல சேவை நிலையத்தின் கீழ் வரும்; இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். எந்தக் குளமானாலும் கமக்கார அமைப்பிடம் முதலில் பேசுங்கள். காட்டோரம் என்றால் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஊரார் ‘எங்கட காணிதான்’ என்று சொல்வது அங்கே செல்லாது.

தனியார் காணி ஒன்றை ‘எடுத்துச் செய்யுங்கோ தம்பி’ என்று வாய்வார்த்தையில் தந்தால் அதில் நிரந்தரமாக எதுவும் கட்டாதீர்கள். தந்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் காணி பிள்ளைகளின் பெயருக்கு மாறும் நாளில் உங்கள் கட்டடம் வேலிக்கு உள்ளே போய்விடும். கடிதம் கொடுக்கும் இடங்களில் பிரதியில் திகதி முத்திரை வாங்கி ஒரு கோப்பில் சேருங்கள்.

கூட்டம் வைச்சால் ஆரும் வந்து விசாரிப்பினம் எண்டு அம்மா அப்பா பயப்படுகினம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளாதீர்கள். முதல் கூட்டத்துக்கு முன்னரே கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: என்ன திட்டம், யார் யார், எங்கே, எந்த நாட்களில். கூட்டத்தைச் சனசமூக நிலையத்திலோ பொதுநோக்கு மண்டபத்திலோ கதவைத் திறந்து வைத்து, பகலில் நடத்துங்கள். கூட்டக் குறிப்புப் புத்தகம் மேசையில் இருக்கட்டும். யார் வந்து கேட்டாலும் ஒருவர் மட்டும் பதில் சொல்லி, கடிதப் பிரதியைக் காட்டினால் போதும். முதல் இரண்டு கூட்டங்களுக்கு இரண்டு பெற்றோர் வந்து பின்வரிசையில் இருப்பது எல்லோருக்கும் தைரியம் தரும்.

எந்த மாதம் தொடங்கினால் நல்லது?

வேலையையும் வயலையும் பரீட்சையையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். காலபோகம் எனப்படும் மாரிகால நெல் விதைப்பு ஒக்ரோபர், நவம்பரில். அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். அந்த நாட்களில் ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மாரிமழை. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் மண் வேலை, கொங்கிறீற்று வேலை வைக்காதீர்கள். வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, உங்கள் ஊர்க் கோயில் கொடியேற்றம் ஆகியவற்றையும் குறியுங்கள்.

கிணற்று வேலைக்கு ஓகஸ்ட், செப்ரெம்பர்தான் காலம். சோளகக் காற்று அடித்து முடியும் நேரம், தண்ணீர் மிகக் கீழே இருக்கும், அடிச்சேற்றை அள்ளலாம். வீடு வீடாகப் போவதற்கும் கடிதங்களுக்குமே இரண்டு மாதம் போகும். ஆகவே மே மாதத்தில் தொடங்க வேண்டும்.

செலவை எப்படிக் கணக்குப் பார்க்கிறது? சும்மா ஒரு தொகை போட்டால் காணாதா?

சும்மா போட்ட தொகை இரண்டு விதத்தில் கெடுக்கும். கூடிப்போனால் தருபவர் நம்பமாட்டார், குறைந்துபோனால் பாதியில் நிற்பீர்கள். அளவில் இருந்து தொடங்குங்கள். வெளிவிட்டம் 12 அடியான கிணற்றைச் சுற்றி 4 அடி அகலத்தில், 4 அங்குலத் தடிப்பில் மேடை போடுவதாக வைப்போம். வெளி வட்டத்தின் விட்டம் 20 அடி. 20ஐ 20ஆல் பெருக்கினால் 400, 12ஐ 12ஆல் பெருக்கினால் 144, வித்தியாசம் 256. அதை 0.785ஆல் பெருக்கினால் பரப்பு 201 சதுர அடி. 4 அங்குலம் என்பது அடியில் மூன்றில் ஒன்று, எனவே கொங்கிறீற்று 67 கன அடி.

ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் அங்குலக் கல் என்ற கலவைக்கு இது 50 கிலோ சீமெந்துப் பை 12 முதல் 13, மணல் 30 கன அடி, கல் 60 கன அடி. மணலும் கல்லும் கியூப் கணக்கில் விற்கப்படும். ஒரு கியூப் 100 கன அடி. ஆக மணல் கால் கியூபுக்குச் சற்றுக் கூட, கல் அரைக் கியூபுக்குச் சற்றுக் கூட. இதைத் தெரியாமல் போனால் ஒரு லோட் மணல் வந்து ஒழுங்கையை அடைத்து நிற்கும். மணலை அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். ஆற்றை இரவில் வெட்டி வந்த மணலில் ஊருக்கு நல்லது செய்ய முடியாது.

மேடை வெளிப்பக்கம் 4 அடிக்கு 1 அங்குலம் சரிய வேண்டும், இல்லாவிட்டால் குளித்த தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும். போட்டபின் 7 நாள் ஈரச்சாக்கால் மூடி நனைக்க வேண்டும். நனைக்கும் ஆளின் பெயரையும் திட்டத்தில் எழுதுங்கள். வன்னி வெயிலில் இரண்டாம் நாளே காயவிட்ட மேடை வெடிக்கும். மூன்று கடையில் விலை கேட்டு, கூட்டுத்தொகைக்கு மேல் நூற்றுக்கு 10 முதல் 15 ஒதுக்கி வையுங்கள்.

வெளிநாட்டில இருக்கிற மாமா முழுக்காசும் அனுப்புறன் எண்டுறார். வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் ஒருவரின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். கழகம் பதியப்படாமல் இருந்தால், சனசமூக நிலையம் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் காசு வெளியே வர வேண்டும். காசை மூன்று தவணையாக அனுப்பச் சொல்லுங்கள்: சாமானுக்கு, வேலைக்கு, முடிவுக்கு. முதல் தவணைக் கணக்கும் பற்றுச்சீட்டுப் படமும் போன பிறகே இரண்டாவது தவணை வரட்டும். இதனால் மாமாவுக்கும் நம்பிக்கை, உங்களுக்கும் பாதுகாப்பு.

முழுக்காசும் ஒருவரே தருவதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊர் அதை ‘அவையின்ரை கிணறு’ என்று சொல்லத் தொடங்கும். ஒவ்வொரு வீடும் 100 ரூபாவோ ஒரு நாள் உழைப்போ தரும்படி பாருங்கள். மேடை வெடித்தால் கேள்வி கேட்க வருபவர்கள் அவர்கள்தான்.

கிணத்துக்குள்ள இறங்கி வேலை செய்யலாமோ? பம்ப் ஒண்டு இரவலா இருக்கு.

இந்தப் பதிலைக் குழுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். தரையில் வைக்கும் பம்ப் நடைமுறையில் 20 முதல் 25 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சாது. ஆழமான கிணற்றில் தண்ணீர் வராமல் நின்றதும் யாராவது ‘பம்பைக் கீழ இறக்குவம்’ என்பார். மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ ஓடும் இயந்திரத்தை எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. கிணற்றின் அடியில் தங்கி நிற்கும், இறங்கியவர் சில நிமிடங்களில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அப்படியே விழுவார்கள்.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஒட்சிசன் குறைவை மட்டுமே காட்டும். இந்த நஞ்சு இருக்கும்போதும் விளக்கு எரியும். எனவே கிணறு இறைத்துப் பழகிய வயதுவந்த தொழிலாளி ஒருவரைக் கூலிக்குப் பிடியுங்கள், அந்தக் கூலியைச் செலவுக் கணக்கில் சேருங்கள். மின்சார நீர்மூழ்கிப் பம்ப் என்றால் அது ஓடும் நேரம் தண்ணீரில் யாரும் நிற்கக் கூடாது. இறங்குபவரின் இடுப்பில் கயிறு, மேலே கயிற்றைப் பிடிக்க மூன்று பேர். பிள்ளைகளின் வேலை எல்லாம் மேலேதான். ஆள் விழுந்தால் இறங்காதீர்கள், கயிற்றால் இழுங்கள், 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

குளோரின் இடுவதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விடுங்கள். தூள் பழசாகப் பழசாக வலு குறையும் என்பதால் அளவை அவரே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் கொடுக்க வேண்டியது தண்ணீரின் கொள்ளளவு. உள்விட்டம் 10 அடி, தண்ணீர் 6 அடி என்றால் 10ஐ 10ஆல், பிறகு 6ஆல், பிறகு 0.785ஆல் பெருக்குங்கள்: 471 கன அடி. ஒரு கன அடி 28.3 லீற்றர், ஆக ஏறக்குறைய 13,300 லீற்றர்.

மண் வெட்டேக்க இரும்பு மாதிரி ஏதும் தட்டுப்பட்டால்?

வெட்டியவர் மண்வெட்டியை அந்த இடத்திலேயே விட வேண்டும். தொடவோ இழுக்கவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது. எல்லோரும் வந்த காலடித் தடத்திலேயே திரும்பி நடந்து, தூரத்தில் தடி நட்டுத் துணி கட்டி, ஒருவரைக் காவலுக்கு வைத்து, கிராம அலுவலருக்கும் 119 பொலிஸ் இலக்கத்துக்கும் அறிவியுங்கள். படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள்.

முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் கண்ணிவெடி அகற்றப்பட்டது. மண்டையோட்டுப் பலகை இல்லாத இடம் என்பதால் மட்டும் அது பாதுகாப்பான இடமாகிவிடாது. புதிதாகக் கிடங்கு வெட்டும் திட்டம் என்றால், அந்தக் காணி அகற்றி முடித்துக் கையளிக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் முன்பே கேளுங்கள்.

மரம் நடுறது சுகம்தானே? காசும் குறைவு.

நடுவது சுலபம், காப்பதுதான் வேலை. 100 கன்றுக்கு மே முதல் செப்ரெம்பர் வரை கிழமைக்கு இரண்டு தரம் கன்றொன்றுக்கு 10 லீற்றர் என்றால் கிழமைக்கு 2,000 லீற்றர், ஏறக்குறைய 22 கிழமைக்கு 44,000 லீற்றர். அந்தத் தண்ணீரை யார் அள்ளுவது? ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேலி எங்கே?

தண்ணீர் அள்ள ஆளில்லாத ஊருக்குப் பனை நல்லது. ஓகஸ்ட், செப்ரெம்பரில் விழும் பழத்தின் விதையை மழைக்கு முன் 10 அடி இடைவெளியில் நேரே நிலத்தில் புதையுங்கள். பையில் கன்றாக்கி நட நினைக்காதீர்கள். கிழங்குப் பாத்தி கிண்டியவர்களுக்குத் தெரியும், பனை முதலில் கீழ்நோக்கித்தான் ஆழமாக இறங்கும், பையில் வளர்ந்தால் அது முறியும். குள அணைக்கட்டின் மேல் எந்த மரமும் வேண்டாம். பட்ட வேர் உக்கினால் அதன் வழியே தண்ணீர் கசிந்து கட்டு பலவீனமாகும்.

பொம்பிளைப் பிள்ளையளை வீட்டில விடீனமில்லை. என்ன செய்யிறது?

நேரத்தை மாற்றுங்கள். சனிக்கிழமை காலை 9 முதல் 12 வரை, மாலை என்றால் 5 மணிக்கு முன் முடிவு. யானை நடமாடும் கிராமங்களில் இது எல்லோருக்குமே தேவை. தாய்மாருடன் நேரில் பேசுங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒருவரைக் குழுவுக்கு ஆலோசகராகக் கேளுங்கள்.

வந்த பிள்ளைகளுக்குத் தேநீர் ஊற்றும் வேலையைக் கொடுத்தால் அடுத்த கிழமை வரமாட்டார்கள். பொருளாளர், அளவெடுப்பவர், பிரதேச சபையில் பேசுபவர் ஆகிய பொறுப்புகளைக் கொடுங்கள். தண்ணீர் அள்ளுவது பெரும்பாலும் பெண்கள். கப்பி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், குளிக்கும் மறைப்பு எந்தப் பக்கம் வேண்டும் என்பதை அவர்கள் சொல்லாமல் கட்டினால் தவறாகத்தான் கட்டுவீர்கள்.

ஊரில ரெண்டு பகுதி. ஒரு பகுதி அள்ளுற கிணத்தில மற்றப் பகுதி அள்ளாது. நாங்கள் என்ன செய்யலாம்?

இதைத் தெரியாததுபோல் நடித்துத் திட்டம் போடாதீர்கள். வீடு வீடாகப் போகும்போது யார் எங்கே அள்ளுகிறார்கள் என்று வரைபடத்தில் குறித்தால், சாதியோ பழைய பகையோ எங்கே குறுக்கே நிற்கிறது என்று தெரியும். குழுவில் இரண்டு பகுதிப் பிள்ளைகளும் இருக்க வேண்டும், கணக்குப் புத்தகமும் திறப்பும் ஒரே பகுதியிடம் இருக்கக் கூடாது. பொதுப்பணத்தில் செய்தது எல்லோருக்கும் பொது என்று தொடங்கும் முன்பே கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அந்த இடத்தில் வேலையைத் தொடங்காதீர்கள். ஒதுக்கலுக்கு மேடை கட்டிக் கொடுப்பதை விட, வேலை தள்ளிப் போவது நல்லது.

ஒரு அரசியல்வாதி திறந்து வைக்க வாறன் எண்டுறார். மறுத்தால் கோவிப்பினம்.

‘ஊரில் வயது கூடிய தாய் ஒருவர் முதல் வாளி அள்ளுவார், எல்லோரும் வரலாம்’ என்று முதற் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதி வைத்திருந்தால், யாரையும் தனியாக மறுக்க வேண்டியதில்லை. பெயர்ப்பலகைக்கும் இதே வழி: ஊரின் பெயரும் வருடமும் மட்டும்.

பலன் கிடைச்சதெண்டு எப்படிக் காட்டுறது?

தொடங்கும் முன் ஒரு நாள் காலை 6 முதல் 9 வரை கிணற்றடியில் நின்று எத்தனை பேர், எந்த ஒழுங்கை, எத்தனை வாளி என்று கோடு போட்டு எண்ணுங்கள். வேலை முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகு அதே கிழமை நாளில் அதே நேரம் எண்ணுங்கள். முன்பு எண்ணாமல் விட்டால் பின்பு எழுதும் எதுவும் அபிப்பிராயம்தான்.

நாங்கள் கம்பசுக்குப் போனால் ஆர் பாக்கிறது?

முதற் கேள்வியில் சொன்ன திறப்புக் கதை இதுதான். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு வயது இளைய ஒருவரை ஆரம்பத்திலேயே துணையாக வையுங்கள். கடைசி மூன்று மாதம் இளையவர் செய்ய, மூத்தவர் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். கிணறு என்றால் மாதம் ஒரு வேலை, வருடம் ஒரு வேலை என்று பிரியுங்கள்: மாதம் ஒருமுறை கயிறு, கப்பி, வடிகால், வருடம் ஒருமுறை ஓகஸ்ட்டில் இறைப்பு. அதற்கு மாதம் வீட்டுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை இப்போதே கணக்கிட்டு, அறவிடும் ஆளைத் தீர்மானியுங்கள்.

கையளிக்கும் நாளில் ஒரு பெட்டியில் அனுமதிக் கடிதங்கள், கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்பு, கிணற்றின் அளவுகள், கப்பி வாங்கிய கடையின் பற்றுச்சீட்டு, ஒரு மேலதிகக் கயிறு ஆகியவற்றை வையுங்கள். ஊர்க்கூட்டத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, வாசித்து, தருபவரும் பெறுபவரும் கையெழுத்திடட்டும். பட்டியலின் ஒரு பிரதி கிராம அலுவலரிடம், இன்னொன்று சனசமூக நிலையச் சுவரில்.